பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்: மிட்டேர்ம் வரைக்கும் புரிஞ்சுது, சாம்பிளிங் டிஸ்ட்ரிபியூஷன் வந்ததும் எல்லாம் குழம்பிப் போச்சு

கடைசிவரிசை:
எல்லாருக்கும் வணக்கம். பிபிஏ முதல் வருஷம் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கு. மீன், மீடியன், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ப்ராபபிலிட்டி, பைனோமியல், நார்மல் டேபிள் பார்க்கிறது வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, நல்லாவே போச்சு. அதுக்கப்புறம் சாம்பிளிங் டிஸ்ட்ரிபியூஷன்னு ஒரு சாப்டர், சின்னதா முடிச்சுட்டு நேரா கான்ஃபிடென்ஸ் இன்டர்வெல், ஹைப்போதெசிஸ் டெஸ்டிங்னு போயிட்டாங்க. இப்போ கணக்கைப் பார்த்தா எந்த ஃபார்முலான்னே பிடிபடல, ஒரு கணக்குல சிக்மாவை அப்படியே போடுறாங்க, இன்னொண்ணுல ரூட் என்-ஆல வகுக்கிறாங்க, ஒரு இடத்துல இசட், ஒரு இடத்துல டி, ஒரு இடத்துல என், ஒரு இடத்துல என் மைனஸ் 1. பின்னாடி இருக்கிற விடையைப் பார்த்தா "ஓ இதுவா"ன்னு தோணுது, அடுத்த கணக்குல மறுபடி அதே குழப்பம். இதை எங்கேருந்து பிடிச்சா மொத்தமும் புரியும்? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மாலைவகுப்பு:
நான் இந்த பேப்பர் எடுக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நீங்க மாட்டிக்கிட்ட இடம்தான் இந்தப் பாடத்தோட நடு முதுகெலும்பு. அதுக்கு முன்னாடி இருக்கிறது எல்லாம் தயாரிப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கிறது எல்லாம் அதோட பயன்பாடு. சிலபஸ்ல அதைச் சின்ன சாப்டரா வெச்சுட்டு ஓடிடறாங்க, அதான் எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம்.

விஷயம் இதுதான். மிட்டேர்ம் வரைக்கும் நீங்க ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா பார்த்தீங்க, ஒரு பல்பு எவ்வளவு நேரம் எரியும், ஒரு ஆள் எவ்வளவு செலவு பண்ணுவார்னு. இப்போ உங்க கையில ஒரு சாம்பிள் இருக்கு, அதோட சராசரி ஒரு நம்பர். அதே பாப்புலேஷன்லேருந்து (நாம தெரிஞ்சுக்க நினைக்கிற மொத்தக் கூட்டம்) அதே அளவுல இன்னொரு சாம்பிள் எடுத்தா சராசரி கொஞ்சம் மாறி வரும், இன்னொண்ணு எடுத்தா இன்னும் கொஞ்சம் மாறும். அப்போ அந்த சராசரியே ஒரு ரேண்டம் வேரியபிள், அதுக்குன்னு ஒரு பரவல் இருக்கு, அதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் இருக்கு, அதுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்ட் எரர். சிக்மாவை, அதாவது பாப்புலேஷனோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனை, ரூட் என்-ஆல (என்-ங்கிறது சாம்பிள் அளவு) வகுக்கிறது அதுக்காகத்தான்.

இதைப் படிச்சா நிக்காது, கண்ணால பார்க்கணும். எக்செல் திறங்க. ராண்ட்பிட்வீன் ஃபங்ஷன்ல 1-லேருந்து 6 வரைக்கும் கொடுத்தா ஒரு பகடை உருட்டின மாதிரி ஒரு நம்பர் வரும். ஒரு வரிசையில அதை 10 செல்லுக்கு இழுங்க, பக்கத்துல அந்த 10-க்கும் ஆவரேஜ் போடுங்க. இப்போ அந்த வரிசையை அப்படியே 500 வரிசைக்கு கீழ இழுத்துட்டு ஆவரேஜ் காலத்துக்கு மட்டும் ஹிஸ்டோகிராம் போடுங்க. ஒரு பகடையோட பரவல் தட்டையா இருக்கும், ஆறு நம்பருக்கும் சம வாய்ப்பு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 1.71. ஆனா நீங்க போட்ட ஹிஸ்டோகிராம் 3.5-ஐ சுத்தி மணி மாதிரி குவிஞ்சு நிக்கும். அந்த 500 சராசரிக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுப் பாருங்க, 0.54 பக்கத்துல வரும். 1.71-ஐ ரூட் 10-ஆல வகுத்தா அதேதான். 10-க்கு பதிலா 40 செல் இழுத்தா 0.27 பக்கத்துல வரும், அதாவது சாம்பிள் நாலு மடங்கு ஆனா தடுமாற்றம் பாதிதான் குறையும். எஃப்9 அழுத்தினா எல்லா நம்பரும் மாறும், படம் மட்டும் பெருசா மாறாது. அழுத்திக்கிட்டே இருங்க, அந்தப் படம் மனசுல பதியிற வரைக்கும் அடுத்த சாப்டருக்குப் போகாதீங்க.

கடைசிவரிசை:
சார் ரொம்ப நன்றி, போட்டுப் பார்த்தேன், தட்டையா இருந்தது மணி மாதிரி ஆகிறதைப் பார்க்கிறப்போ நிஜமாவே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா கணக்குல வர்றப்போ எப்போ ரூட் என்-ஆல வகுக்கணும்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லா கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கு.

மாலைவகுப்பு:
கேள்வி எதைப் பத்தி கேட்குதுன்னு பாருங்க, ஒரு பொருளைப் பத்தியா, பல பொருளோட சராசரியைப் பத்தியா. ஒரு மெஷின் பாக்கெட் நிரப்புது, சராசரி 500 கிராம், சிக்மா 8 கிராம், நார்மல்னு வெச்சுக்கோங்க. "ஏதோ ஒரு பாக்கெட் 496-க்கு கீழ இருக்க நிகழ்தகவு என்ன"ன்னு கேட்டா இசட் (சராசரியிலேருந்து எத்தனை ஸ்டாண்டர்ட் டீவியேஷன் தள்ளி இருக்குங்கிறது) மைனஸ் 0.5, விடை 0.3085, பத்துல மூணு பாக்கெட் அப்படி இருக்கலாம், சாதாரணம். "16 பாக்கெட்டோட சராசரி 496-க்கு கீழ போக நிகழ்தகவு என்ன"ன்னு கேட்டா ஸ்டாண்டர்ட் எரர் 8-ஐ 4-ஆல வகுத்து 2, இசட் மைனஸ் 2, விடை 0.0228. அதே 496தான், ஒரு பாக்கெட்டுக்கு சாதாரணமான விஷயம் 16 பாக்கெட் சராசரிக்கு அபூர்வம் ஆயிடுச்சு. இந்த ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க.

பயிற்சிநோட்டு:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எக்செல் விளையாட்டெல்லாம் நல்லதுதான், ஆனா பரீட்சைக்கு உட்காரும்போது கையில கால்குலேட்டரும் டேபிளும்தான் இருக்கும், நேரமும் கம்மி. கணக்கு வகைகள் ஒரு பத்து பன்னிரண்டுதான், ஒவ்வொண்ணுலயும் நிறைய போட்டுப் போட்டு கை பழகிட்டா பாஸ் நிச்சயம். கேள்வியைப் பார்த்ததும் எந்த வகைன்னு கை தானா எழுதணும். கான்செப்ட் பின்னாடி வேலைக்குப் போனப்புறம் தானா புரியும்.

ஆய்வுமேசை:
பயிற்சி வேணும்னு சொன்னதுல எனக்கு முழு சம்மதம், ஆனா "வேலைக்குப் போனா தானா புரியும்"ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். நான் டேட்டா அனலிஸ்டா வேலை பார்க்கிறேன், வேலையில எந்த வகைக் கணக்குன்னு தலைப்பு போட்டு யாரும் கொடுக்கிறது இல்ல. "போன மாசத்தைவிட இந்த மாசம் புகார் கூடியிருக்கு, ஏன்?"னு கேட்பாங்க. அது நிஜமாவே கூடியிருக்கா, இல்ல எப்பவும் மாசத்துக்கு மாசம் இருக்கிற ஏற்ற இறக்கமான்னு முதல்ல பார்க்கணும்னு தோணுறதுக்கே மேல சார் சொன்ன படம் மனசுல இருக்கணும். அது இல்லாதவங்க ஒவ்வொரு மாச மாற்றத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சு பிரசன்டேஷன் போட்டுட்டு இருப்பாங்க, அதை வெச்சு முடிவும் எடுப்பாங்க, அதுல பாதிக்கப்படறது வேற யாரோ.

இன்னொண்ணு, பரீட்சைக்கே கூட வகை பிரிச்சு மனப்பாடம் பண்றது ஆபத்து, கேள்வியில ஒரு வார்த்தை மாறினா வகை மாறிடும்.

பயிற்சிநோட்டு:
அக்கா நீங்க சொல்றது புரியுது. நான் சொல்ல வந்தது, படம் மட்டும் பார்த்துட்டு கணக்கு போடாம போனா ஹால்ல கை ஓடாது. ரெண்டும் சேர்ந்தே போகட்டும்.

மாலைவகுப்பு:
அதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஒரு சாப்டரோட பின்பக்க கணக்குகளை மட்டும் போடாம, நாலு சாப்டர் கணக்கைக் கலந்து எழுதி, தலைப்பு தெரியாம போட்டுப் பழகுங்க. சாப்டர் முடிவுல இருக்கிற கணக்கு எந்த ஃபார்முலான்னு தலைப்பே சொல்லிடுது, அதனால கண்டுபிடிக்கிற பயிற்சியே கிடைக்காம போயிடுது. பரீட்சையில கேட்கிறது அந்தக் கண்டுபிடிப்பைத்தான்.

நிழல்மரம்:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும், யாராவது என் மைனஸ் 1 ஏன்னு சொல்லுங்களேன். "டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்"னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடறாங்க, அது எனக்கு விளக்கமாவே தெரியல.

ஆய்வுமேசை:
இதை ஒரு தடவை கையால போட்டா ஜென்மத்துக்கும் மறக்காது. பாப்புலேஷன்ல மூணே நம்பர்: 2, 4, 6. சராசரி 4. வேரியன்ஸ், வித்தியாசங்களோட வர்க்கம் 4, 0, 4, கூட்டினா 8, மூணால வகுத்தா 2.67. இது உண்மையான வேரியன்ஸ்.

இப்போ இதுலேருந்து ரெண்டு ரெண்டா சாம்பிள் எடுங்க, எடுத்ததைத் திரும்பப் போட்டுட்டு அடுத்தது எடுக்கிற முறையில. மொத்தம் ஒன்பது சாம்பிள்தான் வரும். 2,2-க்கும் 4,4-க்கும் 6,6-க்கும் வித்தியாசமே இல்ல, பூஜ்யம். 2,4 மாதிரி பக்கத்துப் பக்கத்து ஜோடி நாலு வரும், ஒவ்வொண்ணுலயும் வர்க்கக் கூட்டல் 2. 2,6-ம் 6,2-ம் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் 8. ஒன்பதுக்கும் சேர்த்து 24. என்-ஆல, அதாவது 2-ஆல வகுத்து ஒன்பதுக்கும் சராசரி எடுத்தா 1.33 வருது, உண்மையில பாதி. என் மைனஸ் 1-ஆல, அதாவது 1-ஆல வகுத்து சராசரி எடுத்தா 24-ஐ 9-ஆல வகுத்து 2.67. உண்மையான வேரியன்ஸே அப்படியே வந்துடுது.

காரணம் என்னன்னா, உண்மையான சராசரி 4 உங்களுக்குத் தெரியாது, அதனால சாம்பிளோட சொந்த சராசரியிலேருந்து வித்தியாசம் எடுக்கிறீங்க. சாம்பிள் சராசரி எப்பவும் தன்னோட புள்ளிகளுக்கு நடுவுலதான் போய் உட்காரும், அதனால வித்தியாசங்கள் உண்மையைவிடச் சின்னதாவே வரும். அந்தக் குறையை ஈடு கட்டத்தான் வகுக்கிற நம்பரை ஒண்ணு குறைக்கிறோம். எக்செல்ல ரெண்டு ஃபங்ஷன் இருக்கும், கடைசியில எஸ் போட்டது சாம்பிளுக்கு, பி போட்டது பாப்புலேஷனுக்கு. அசைன்மென்ட்ல டேட்டா கொடுத்தா ஏறக்குறைய எப்பவும் எஸ்தான்.

நிழல்மரம்:
அக்கா இப்பதான் தெளிவாச்சு. இதை ஏன் கிளாஸ்ல போட்டுக் காட்ட மாட்டேங்கிறாங்க...

கடைசிவரிசை:
அடுத்த சந்தேகம். டி எப்போ, இசட் எப்போ? எங்க நோட்ஸ்ல "என் 30-க்கு மேல இருந்தா இசட், கீழ இருந்தா டி"ன்னு போட்டிருக்கு. அது சரியா? அப்புறம் பி-வேல்யூன்னா என்னன்னு யாராவது நேராச் சொல்லுங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

மாலைவகுப்பு:
அந்த 30 விதி கால்குலேட்டரும் டேபிளும் மட்டுமே இருந்த காலத்து சௌகரியம். டி வர்றதுக்குக் காரணம் சாம்பிள் சின்னதா இருக்கிறது இல்ல, சிக்மா தெரியாம சாம்பிள்லேருந்து எஸ் (சாம்பிளோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) கணக்கு போட்டு அதை வெச்சு வகுக்கிறதுதான். எஸ்-ஸும் சாம்பிளுக்கு சாம்பிள் ஆடும், அந்தக் கூடுதல் ஆட்டத்துக்காக வால் கொஞ்சம் தடிமனா இருக்கிற ஒரு பரவல் தேவைப்படுது. 95 சதவீதத்துக்கு டேபிள் பாருங்க, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (இங்க என் மைனஸ் 1) 4-க்கு 2.776, 9-க்கு 2.262, 29-க்கு 2.045, 99-க்கு 1.984, போகப்போக இசட்டோட 1.96-க்கு வந்து சேருது. 30-ல திடீர்னு எதுவும் மாறல பாருங்க, மெதுவா நெருங்குது, அவ்வளவுதான். சிக்மா கேள்வியிலேயே கொடுத்திருந்தா இசட், எஸ்-ஸை நீங்களே கணக்கு போட்டீங்கன்னா டி. உங்க பரீட்சையில 30 விதிப்படிதான் திருத்துவாங்கன்னா அங்க அப்படியே எழுதுங்க, மார்க்கை விட வேண்டாம், ஆனா காரணம் இதுன்னு தெரிஞ்சிருக்கட்டும்.

30-ன்னு இன்னொரு இடத்துலயும் சொல்வாங்க, சென்ட்ரல் லிமிட் தியரத்துக்கு (சாம்பிள் பெருசாகப் பெருசாக சராசரியோட பரவல் மணி மாதிரி ஆகும்ங்கிறது) 30 இருந்தா போதும்னு. பகடைக்கு 10-லயே நல்லா வந்துச்சு பாத்தீங்க இல்ல. ஆனா வருமானம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு போற டேட்டாவுக்கு 30 பத்தாமலும் போகலாம். ஹிஸ்டோகிராம் பார்க்காம எந்த விதியையும் நம்பாதீங்க.

ஆய்வுமேசை:
டி-யோட கதை நிஜமான தொழில் கதை, பிசினஸ் படிக்கிறவங்க தெரிஞ்சுக்கணும். வில்லியம் சீலி காசெட், டப்ளின்ல கின்னஸ் பீர் ஆலையில வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் தரம் பார்க்க அவருக்குக் கிடைச்சது எல்லாம் சின்னச் சின்ன சாம்பிள், பெரிய சாம்பிளுக்குன்னு இருந்த முறை அங்க பொருந்தல. கம்பெனி ஊழியர்கள் சொந்தப் பேர்ல ஆராய்ச்சி வெளியிட அனுமதி இல்லாததால 1908-ல "ஸ்டூடன்ட்"ங்கிற புனைபெயர்ல கட்டுரை வந்துச்சு, அதான் இன்னைக்கும் ஸ்டூடன்ட்ஸ் டி. ஒரு தொழிற்சாலையோட அன்றாடப் பிரச்சனையிலேருந்து வந்த விஷயம்ங்க இது, அதைப் போய் வெறும் ஃபார்முலாவா மனப்பாடம் பண்றோமேன்னு எனக்கு வருத்தமா இருக்கும்.

பி-வேல்யூவுக்கு ஒரு கணக்கோட வர்றேன். ஒரு கம்பெனி "புகாருக்கு சராசரியா 30 நிமிஷத்துல பதில் தர்றோம்"னு சொல்லுது. நீங்க 25 புகாரை ரேண்டமா எடுத்துப் பார்க்கிறீங்க, சராசரி 32 நிமிஷம், எஸ் 6 நிமிஷம். ஸ்டாண்டர்ட் எரர் 6-ஐ 5-ஆல வகுத்து 1.2. வித்தியாசம் 2 நிமிஷம், அதை 1.2-ஆல வகுத்தா டி 1.67. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 24-க்கு ரெண்டு பக்க டெஸ்ட்ல எல்லை 2.064, தாண்டல. பி-வேல்யூ 0.11 பக்கம்.

அந்த 0.11-க்கு அர்த்தம்: உண்மையான சராசரி 30தான்னு வெச்சுக்கிட்டா, இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாவோ ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கமாவது விலகின சாம்பிள் வர்றதுக்கு 11 சதவீத வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான். "கம்பெனி சொல்றது உண்மையா இருக்க 11 சதவீத வாய்ப்பு"ன்னு அர்த்தம் இல்ல. "30தான்னு வெச்சுக்கிட்டா"ங்கிறதுலேருந்து ஆரம்பிச்சுட்டு, அதே 30-க்கு என்ன வாய்ப்புன்னு அந்த நம்பரே திரும்பி வந்து சொல்ல முடியாது. இந்த ரெண்டாவது விளக்கம்தான் நிறைய இடத்துல ஓடிக்கிட்டு இருக்கு, 2016-ல அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிக்கல் அசோசியேஷனே பி-வேல்யூவை இப்படித் தப்பா எடுத்துக்காதீங்கன்னு தனியா ஒரு அறிக்கை வெளியிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

கடைசிவரிசை:
அப்போ 0.11-ன்னா நல் ஹைப்போதெசிஸை (சராசரி 30தான்னு வெச்சுக்கிட்டதை) அக்செப்ட் பண்ணணும், கம்பெனி சொல்றது சரி. இப்படி எழுதலாமா?

ஆய்வுமேசை:
எழுதாதீங்க. "ரிஜெக்ட் பண்ண போதுமான ஆதாரம் இல்ல"ன்னுதான் எழுதணும். ஏன்னு அதே டேட்டாவுக்கு 95 சதவீத கான்ஃபிடென்ஸ் இன்டர்வெல் (உண்மையான சராசரிக்கு நாம போடுற ரெண்டு பக்க எல்லை) போட்டுப் பாருங்க: 32-லேருந்து ரெண்டு பக்கமும் 2.064 பெருக்கல் 1.2, அதாவது 2.48. 29.52-லேருந்து 34.48 வரைக்கும். 30-ம் உள்ள இருக்கு, 34-ம் உள்ள இருக்கு. 34 நிமிஷம்னு யாராவது சொல்லியிருந்தா அதையும் உங்களால ரிஜெக்ட் பண்ண முடிஞ்சிருக்காது, அதுக்காக ரெண்டும் உண்மைன்னு சொல்ல முடியுமா? 25 புகார் இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல பத்தல, அதான் நிலைமை.

இதே 32, இதே 6, ஆனா 100 புகார் எடுத்திருந்தா ஸ்டாண்டர்ட் எரர் 0.6, டி 3.33, பி-வேல்யூ 0.002-க்கும் கீழ. ரெண்டு நிமிஷம் அதே ரெண்டு நிமிஷம்தான், ஆனா முடிவு தலைகீழ். அதனாலதான் வெறும் பி-வேல்யூவை மட்டும் கொண்டு வந்து வைக்கிறவங்களை நான் விடமாட்டேன், வித்தியாசம் எவ்வளவு, இன்டர்வெல் எவ்வளவு அகலம்னு சேர்த்துச் சொல்லணும். ரெண்டு நிமிஷம் தாமதம் வாடிக்கையாளருக்குப் பெரிய விஷயமா இல்லையாங்கிறதை எந்த டேபிளும் சொல்லாது, தொழிலைத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்.

நிழல்மரம்:
"30-ஐவிட அதிகமா எடுத்துக்குதா"ன்னு மட்டும் கேட்டா ஒன் டெயில் (ஒரு பக்க டெஸ்ட்) தானே அக்கா? அப்போ ரிஜெக்ட் ஆகிடுமா?

மாலைவகுப்பு:
ஒன் டெயில்தான், எல்லை 1.711, நம்ம டி 1.67, கொஞ்சத்துல தாண்டல. இங்க ஒரு முக்கியமான விஷயம், ஒன் டெயிலா டூ டெயிலாங்கிறதை டேட்டாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், கேள்வியோட வாசகத்துலேருந்து. டூ டெயில்ல வரலன்னு ஒன் டெயிலுக்கு மாத்தறது அம்பு பாய்ஞ்ச இடத்தைச் சுத்தி அப்புறமா வட்டம் போடுற மாதிரி. ஆல்ஃபா 0.05-ங்கிறதும் (பி-வேல்யூ இதுக்குக் கீழ போனா ரிஜெக்ட்) அப்படித்தான், முன்னாடியே சொல்லி வெக்கிற ஒரு எல்லை, அது இயற்கை விதி இல்ல. 1920-கள்ல புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 20-ல ஒண்ணுங்கிறதை ஒரு சௌகரியமான எல்லையாத்தான் எடுத்துக்கிட்டார்.

புதுவரவு:
நான் உங்களுக்கெல்லாம் பின்னாடி இருக்கேன், இன்னும் பேயஸ் தியரத்துலயே நிக்கிறேன். மெஷின் ஏ 70 சதவீதம் தயாரிக்குது அதுல 2 சதவீதம் பழுது, மெஷின் பி 30 சதவீதம் அதுல 5 சதவீதம் பழுது, பழுதான ஒரு பொருள் பி-லேருந்து வந்திருக்க நிகழ்தகவு என்ன. ஃபார்முலாவுல எது மேல எது கீழன்னு மறந்து போகுது.

பயிற்சிநோட்டு:
ஃபார்முலாவை விடுங்க ப்ரோ, 1000 பொருள்னு எடுத்துக்கோங்க. ஏ-லேருந்து 700, அதுல பழுது 14. பி-லேருந்து 300, அதுல பழுது 15. மொத்தப் பழுது 29, அதுல பி-யோடது 15. 15-ஐ 29-ஆல வகுத்தா 0.517. ஃபார்முலா சொல்றதும் இதேதான். பழுதுன்னு தெரியறதுக்கு முன்னாடி பி-க்கு 0.30, தெரிஞ்சதுக்கப்புறம் 0.517, அந்த மாற்றத்தையும் ஒரு வரி எழுதுங்க. பரீட்சையில முதல்ல இப்படி ரஃப்ல போட்டு விடை தெரிஞ்சுட்டு, அப்புறம் ஃபார்முலாவுல எழுதுங்க, மார்க் போகாது.

புதுவரவு:
அட இவ்வளவுதானா!! நன்றி ப்ரோ

கடைசிவரிசை:
சாம்பிள் சைஸ் கணக்கு பத்தியும் ஒண்ணு கேக்கணும். சர்வே அசைன்மென்ட் கொடுத்திருக்காங்க, எவ்வளவு பேர்கிட்ட கேட்டா போதும்? எங்க குரூப்ல ஒருத்தன் ஆன்லைன் ஃபார்ம் போட்டு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் அனுப்பிடலாம், எவ்வளவு அதிகமா வருதோ அவ்வளவு நல்லதுன்னு சொல்றான்.

ஆய்வுமேசை:
சதவீதம் கணிக்கிற சர்வேன்னா 95 சதவீத நம்பிக்கையில 5 சதவீதப் புள்ளி பிழைக்கு 385 பேர், 3-க்கு ஏறக்குறைய 1067, 1-க்கு 9604. ஃபார்முலாவுல பி-க்கு (இங்க பி-ங்கிறது நாம கணிக்கிற விகிதம், பி-வேல்யூ இல்ல) 0.5 போட்டா வர்றது. பாப்புலேஷன் பெருசா இருக்கிற வரைக்கும் அது லட்சமா கோடியாங்கிறது பெருசா பாதிக்காது, இது கேட்கிறவங்க யாருமே முதல்ல நம்ப மாட்டாங்க.

ஆனா தம்பி, இந்தக் கணக்கெல்லாம் ரேண்டம் சாம்பிளுக்கு மட்டும்தான். உங்க நண்பர் சொல்ற வழிக்கு இது எதுவுமே பொருந்தாது, ஏன்னா உங்க வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிறவங்க, அதுலயும் ஃபார்மைத் திறந்து நிரப்ப மனசு இருக்கிறவங்க மட்டும்தான் உள்ள வருவாங்க. 1936-ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஏறக்குறைய 1 கோடி பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்புச்சு, 20 லட்சத்துக்கும் மேல திரும்பி வந்துச்சு, எவ்வளவு பெரிய சாம்பிள் பாருங்க. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார்னு போட்டாங்க, ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல வாங்கி ஜெயிச்சார். முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு மாதிரி பட்டியல்லேருந்து, அந்தக் காலத்துல அது வசதியானவங்க பட்டியல். பதில் அனுப்பினவங்களும் ஒரு பக்கம் சாய்ஞ்சவங்க. அதே தேர்தல்ல அதைவிட ரொம்பச் சின்ன சாம்பிள் வெச்சு கருத்துக்கணிப்பு நடத்தின ஜார்ஜ் காலப் சரியாச் சொன்னார். சாம்பிளைக் கூட்டினா ஸ்டாண்டர்ட் எரர் குறையும், சாய்வு குறையாது.

அதனால மாணவர் பட்டியல் கிடைச்சா அதுலேருந்து ரேண்டமா 60 பேரை எடுத்து நேர்ல போய்க் கேளுங்க, பதில் சொல்லாதவங்களை மறுபடி போய்ப் பாருங்க. ரிப்போர்ட்ல யார் யாரை விட்டுட்டோம்னு ஒரு பத்தி எழுதுங்க. நான் திருத்தறவளா இருந்தா ஆயிரம் ஃபார்மைவிட அந்தப் பத்திக்குத்தான் மார்க் கொடுப்பேன்.

மாலைவகுப்பு:
நானும் அப்படித்தான் கொடுப்பேன்.

நிழல்மரம்:
ரிக்ரஷனும் (புள்ளிகளுக்கு நடுவுல ஒரு கோடு பொருத்துறது) இருக்கே, அதைப் பத்தி யாரும் பேசல. எக்செல்ல டேட்டா அனாலிசிஸ் போட்டா ஒரு பெரிய டேபிள் வருது, எதைப் பார்க்கிறதுன்னே தெரியல, நான் ஆர்-ஸ்கொயர்டை (ஒய்-யோட ஏற்ற இறக்கத்துல கோடு எவ்வளவு பங்கை விளக்குதுங்கிற நம்பர்) மட்டும் பார்த்துட்டு எழுதிடறேன்.

மாலைவகுப்பு:
அந்த டேபிளுக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கேட்டர் பிளாட் போடுங்க. 1973-ல ஆன்ஸ்கோம்னு ஒரு புள்ளியியல் பேராசிரியர் நாலு டேட்டா செட் வெளியிட்டார், ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி. நாலுலயும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, கோரிலேஷன் 0.816, ரிக்ரஷன் கோடும் ஒண்ணேதான், 3 கூட்டல் 0.5 எக்ஸ். படம் போட்டா ஒண்ணு ஒழுங்கான நேர்கோட்டுப் போக்கு, ஒண்ணு வளைவு, ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி கோட்டையே இழுத்து வெச்சிருக்கு, இன்னொண்ணுல ஒரு புள்ளியைத் தவிர மத்த எல்லாத்துக்கும் எக்ஸ் ஒண்ணே. ஆர்-ஸ்கொயர்ட் நாலுக்கும் 0.67. இதைப் பார்த்தப்புறமும் ஆர்-ஸ்கொயர்டை மட்டும் எழுத மனசு வராது.

அப்புறம் டேபிள். கோஎஃபிஷியன்ட் காலம், பக்கத்துல ஸ்டாண்டர்ட் எரர், பக்கத்துல டி ஸ்டாட், பக்கத்துல பி-வேல்யூ, கடைசியில 95 சதவீத எல்லைகள். விளம்பரச் செலவு 1 யூனிட் கூடினா விற்பனை 4.2 யூனிட் கூடுதுன்னு கோஎஃபிஷியன்ட் வந்திருக்கு, ஸ்டாண்டர்ட் எரர் 1.5-ன்னு வெச்சுக்கோங்க. 4.2-ஐ 1.5-ஆல வகுங்க, 2.8, டி ஸ்டாட் காலத்துல அதேதான் இருக்கும். புகார் கணக்குல 2-ஐ 1.2-ஆல வகுத்தோமே, அதே வேலைதான் இங்கயும் நடக்குது: கிடைச்ச வித்தியாசம் ஒரு பக்கம், வேற சாம்பிள் எடுத்திருந்தா அது எவ்வளவு ஆடும்ங்கிறது இன்னொரு பக்கம். இங்க நல் ஹைப்போதெசிஸ், கோட்டோட சாய்வு (ஸ்லோப்) பூஜ்யம்ங்கிறது. எழுதறப்போ "விளம்பரம் கூடினதால விற்பனை கூடுச்சு"ன்னு எழுதாதீங்க, விற்பனை நல்லா இருக்கிற மாசத்துலதான் கம்பெனி விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கலாம், டேட்டாவைப் பார்த்து அதைப் பிரிக்க முடியாது.

கடைசிவரிசை:
சார் இப்போதான் எல்லாம் ஒரே விஷயமாத் தெரியுது. கடைசியா ஒண்ணே ஒண்ணு, என் அசைன்மென்ட்ல இன்டர்செப்ட் (எக்ஸ் பூஜ்யமா இருக்கிறப்போ கோடு காட்டுற ஒய் மதிப்பு) மைனஸ்ல வந்திருக்கு, பி-வேல்யூவும் 0.40. அதைத் தூக்கிட்டு மறுபடி ரன் பண்ணணுமா? ஆப்ஷன்ல "கான்ஸ்டன்ட் இஸ் ஜீரோ"ன்னு ஒரு டிக் இருக்கு.

மாலைவகுப்பு:
அந்த டிக்கைத் தொடாதீங்க. அதைப் போட்டா கோடு கட்டாயமா பூஜ்யம் வழியாப் போகணும்னு ஆயிடும், சாய்வு மாறிடும், ஆர்-ஸ்கொயர்ட் வேற முறையில கணக்காகி பொய்யா உசந்து தெரியும், பழைய மாடலோட ஒப்பிடவே முடியாது. உங்க டேட்டாவுல எக்ஸோட குறைஞ்ச மதிப்பு என்னன்னு பாருங்க. 50-லேருந்து 200 வரைக்கும் இருக்குன்னா, எக்ஸ் பூஜ்யமா இருக்கிறப்போ என்ன ஆகும்னு உங்க டேட்டாவுக்குத் தெரியவே தெரியாது, கோட்டை அங்க வரைக்கும் நீட்டினதுல வந்த நம்பர்தான் அந்த மைனஸ். "இன்டர்செப்ட் டேட்டா எல்லைக்கு வெளிய இருக்கு, அதனால அதுக்குத் தொழில்ரீதியா விளக்கம் தரல, 50-லேருந்து 200 வரைக்கும் மட்டும்தான் இந்தக் கோட்டைப் பயன்படுத்தறோம்"னு ஒரு வரி எழுதிட்டு, ரெசிடுவல் பிளாட்டையும் (ஒவ்வொரு புள்ளியும் கோட்டுலேருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டுற படம்) சேர்த்து வெச்சுடுங்க.